ஹில்லேயின் வீடு ஏலத்துக்கு வந்த கதை

செத்துப்போன ஹில்லேயின் வீட்டை அடிமாட்டு விலைக்கு எடுக்காவிட்டால் என் பெயர் விக்கர்ட் இல்லை. மனைவி ஆல்ச்சேயிடம் சபதமே போட்டேன்.

"எடுத்து?"

"இடிப்பேன். நம்ம எங்க்ஹவுசன் ஊர்ல வீட்டைவிடச் செங்கல்லுக்குத்தான்டி கிராக்கி."

"எங்கம்மா குடியிருக்கட்டும்னு கேட்டேனே?"

"உங்கம்மாவுக்கு நம்ம பரண் போதும்."

எங்கள் ஊர் ஏலத்தில் விலை ஏறாது, இறங்கும். ஏலம் கூறுபவர் உச்சியிலிருந்து குறைத்துக்கொண்டே வருவார். முதலில் "எனக்கு!" என்று கத்துபவருக்கு வீடு. பதறுகிறவன் அதிகம் கொடுப்பான். பதற ஆளே இல்லாமல் செய்தேன். சாராயக்கடைதோறும் கதை கட்டினேன்: ஹில்லே இன்னும் மரச்செருப்போடு நடக்கிறாள், கிட்ட வந்தால் ஈரக் கம்பளி நாறும். மீனவர்கள் அந்தத் தெருப் பக்கம் போவதையே விட்டார்கள்.

"எண்ணூறு கில்டர் வர்றவரைக்கும் வாயைத் திறக்கமாட்டேன்," என்று ஆல்ச்சேயிடம் பீற்றிக்கொண்டேன்.

ஏல நாளன்று கடல் மூடுபனி. ஏலம் நடந்த விடுதியில் பகலிலேயே விளக்கு.

"ஆயிரத்து நூறு!"

தலைக்கு மேலே டக், டக். மரச்செருப்பு. நான் செய்த பேய் எனக்கே உழைக்கிறதே என்று சிரித்துக்கொண்டேன்.

"ஆயிரம்!"

பின்கழுத்தில் சில்லென்று ஒரு மூச்சு. ஈரக் கம்பளி நாற்றம். திரும்பிப் பார்க்கத் துணிவில்லை.

"தொள்ளாயிரம்!"

"எனக்கு!"

பெண் குரல். பெஞ்சுகள் உருள, பாதிக் கூட்டம் வெளியே பாய்ந்தது.

"யா... யார் பேருக்கு?" என்றார் ஏலம் கூறுபவர்.

"எங்கம்மா பேருக்கு," என்றாள் கதவோரம் நின்ற ஆல்ச்சே.

வீட்டுக்கு வந்து குதித்தேன். "ஏன்டி, கழுத்துல ஊதியா என்னை ஏமாத்தினே?"

"நான் கதவை விட்டு நகரவே இல்லீங்க. ஊரை நீங்களே விரட்டிட்டீங்க. மிச்சமிருந்த ஒரே ஆள் எண்ணூறுக்குக் காத்திருந்தாரு. நான் ஏன் ஊதணும்?"

"அப்போ மாடியில நடந்தது?"

"அந்த விடுதிக்கு மாடி ஏதுங்க?"

மாமியார் குடிபோனாள். போன வாரம் கதவைத் தட்டினேன். உள்ளே இரண்டு பேர் சிரிக்கும் சத்தம்.

"யார் கூட அத்தை?"

"ஹில்லேதான் மாப்ளே. இடிக்கப் பார்த்தவரை உள்ளே விடாதேங்கிறா."

நான் இட்டுக்கட்டிய பேய்க்கே அங்கே இடம் கிடைத்துவிட்டது. எனக்குத்தான் வாசலோடு சரி.