கரெக்டின் சோதனை வயல்

ஆடுகள் சோதனை வயலில் மேய்ந்துகொண்டிருந்தபோது, வயலுக்குச் சொந்தக்காரர் டீக்கடையில் உட்கார்ந்து, ஆடுமாடுகளிடமிருந்து பயிரைக் காப்பது எப்படி என்று நாலு பேருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். வேலிப் படலைச் சாத்தாமல் வந்ததும் அவர்தான்.

அவரை எல்லோரும் கரெக்டு என்றுதான் கூப்பிடுவார்கள். எதைக் கேட்டாலும் "எல்லாம் கரெக்டா இருக்கு" என்பார். மோட்டார் எரிந்து புகை வந்த அன்றைக்கும் அப்படித்தான் சொன்னார்.

சோதனை வயல் என்றால் லேசுப்பட்ட விஷயமில்லை. விதை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு அதிகாரியம்மா ஜீப்பில் வந்து, நான்கு புது ரக மக்காச்சோள விதைகளைக் கொடுத்துவிட்டுப் போவார். நான்கு பாத்தி, பாத்திக்கு ஒரு கொடி: சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை. எந்த ரகம் தேறுகிறதோ அதைத்தான் அடுத்த பருவத்தில் எல்லோருக்கும் விதைக்கக் கொடுப்பார்கள். இத்தனை விவசாயிகள் இருக்க, வருஷா வருஷம் அந்தம்மா தேடி வருவது கரெக்டைத்தான். மனுஷனுக்குப் பாதி வயிறு அந்தப் பெருமையிலேயே நிரம்பிவிடும்.

இந்த வருஷம் அதற்கும் வேட்டு வைக்க ஒருவன் கிளம்பியிருந்தான். வேறு யாருமில்லை, பக்கத்து வயல்காரனும் மனைவியின் தம்பியுமான மச்சான்தான். அடுத்த தடவை சோதனை விதையைத் தனக்குக் கொடுங்கள் என்று நிலையத்துக்கே போய்க் கேட்டுவிட்டு வந்திருந்தான். அவன் வயலில் மருந்துக்குக்கூட ஒரு களை கிடையாது. நூல் பிடித்த மாதிரி வரிசை. விதை அவன் கைக்குப் போய்விட்டால் கரெக்டு அப்புறம் டீக்கடைப் பக்கம் தலைகாட்ட முடியாது. அந்தம்மா பயிரைப் பார்க்க வருவதோ மாதக் கடைசியில்.

மனைவி ஆடுகளை விரட்டிவிட்டு, கணவர் வந்ததும் வயலைக் காட்டினாள். நான்கு பாத்தியிலும் இளம்பயிர் மொட்டையாக நின்றது.

"அந்தம்மாவுக்கு ஒரு போன் போட்டு நடந்ததைச் சொல்லிடுங்க" என்றாள்.

"போன் போட்டா என் மரியாதை என்ன ஆகறது? நான் பாத்துக்கறேன், விடு."

அவர் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னாலே அவள் அடுத்த செலவுக்குக் காசை எண்ணத் தொடங்கிவிடுவாள்.

மொட்டைப் பயிர் சீக்கிரம் துளிர்க்கட்டும் என்று நான்கு பாத்திக்கும் யூரியாவை அள்ளி அள்ளி வீசினார். கொஞ்சம் போட்டால் கொஞ்சம் வளரும், நிறையப் போட்டால் நிறைய வளரும் என்பது அவர் கணக்கு. சில நாளில் சிவப்புக்கொடிப் பாத்தி முழுக்கக் கருகிப் போனது. மச்சான் வரப்பில் நின்று எட்டிப் பார்த்தான். அந்தப் பார்வைதான் கரெக்டுக்குத் தாங்கவில்லை.

யூரியா உப்பு கரையட்டும் என்று மோட்டாரைப் போட்டார். தண்ணீர் பாயும் நேரத்தில் சும்மா நிற்பானேன் என்று டீக்கடைக்குப் போனார். அன்றைக்குப் பேச்சு, நீர்ச் சிக்கனம் பற்றி. திரும்பி வந்தபோது வயலில் முழங்கால் மட்டும் தண்ணீர். இரண்டு நாள் வடியவில்லை. மஞ்சள்கொடிப் பாத்தி அழுகிப் படுத்துவிட்டது.

தண்ணீரை வடிக்க வரப்பை வெட்டினார். ஒரு சாண் வெட்டியிருந்தால் போதும். கரெக்டு ஆள் இறங்குமளவுக்கு வெட்டினார். தேங்கிய தண்ணீர் மொத்தமும் நீலக்கொடிப் பாத்தி வழியாகப் பாய்ந்து, பயிரை வேரோடு வாரிக்கொண்டு போய் மச்சான் வரப்போரம் போட்டது. மச்சான் அவற்றைப் பொறுக்கிக் கட்டாகக் கட்டி அக்காவிடம் கொண்டுவந்து கொடுத்தான்.

"மாட்டுக்குப் போடுக்கா. மாமா அறுவடையை ஆரம்பிச்சுட்டாரு போலிருக்கு."

மிஞ்சியது வெள்ளைக்கொடி மட்டும். அதையும் ஆடு கடித்ததுதான், யூரியா சுட்டதுதான், தண்ணீர் மூழ்கடித்ததுதான். ஆனாலும் அது பாட்டுக்குப் பச்சைப் பசேலென்று நின்றது. கரெக்டு அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. காலியாகக் கிடந்த மூன்று பாத்திதான் அவர் கண்ணை உறுத்தியது.

அந்தம்மா வருகிற நாள் காலையில், தன்னுடைய மற்ற வயலிலிருந்து மக்காச்சோளப் பயிரைப் பிடுங்கி வந்து மூன்று பாத்தியிலும் நட்டார். வெயில் ஏற ஏற அவை தலையைத் தொங்கப் போட்டன. ஜீப் வந்து நின்றது. மச்சானும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"எல்லாம் கரெக்டா இருக்கு மேடம்" என்றார் கரெக்டு.

அந்தம்மா சிவப்புக்கொடிப் பாத்தியில் குனிந்து ஒரு பயிரை லேசாகத் தொட்டார். அது கையோடு வந்துவிட்டது.

"வேர் அவ்வளவா போகாத ரகம் மேடம்" என்றார் கரெக்டு, கண்ணிமைக்காமல். "பிடுங்கறதுக்கு ஈஸி."

மனைவிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. ஆடு, யூரியா, மோட்டார், வரப்பு என்று ஒரே மூச்சில் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டாள். கரெக்டு வானத்தைப் பார்த்தார். மானம் போயிற்று, விதை போயிற்று, டீக்கடையும் போயிற்று என்று மனசுக்குள் கணக்குப் போட்டார்.

அந்தம்மாவின் முகம் மலர்ந்துகொண்டே போனது. வெள்ளைக்கொடியும் ஆடு கடித்ததா, எத்தனை நாள் தண்ணீரில் நின்றது என்று துருவித் துருவிக் கேட்டார். பாத்திக்குள் இறங்கி வெள்ளைக்கொடிப் பயிரைத் தடவித் தடவிப் பார்த்தார். கடைசியில் கரெக்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அடுத்த பருவத்துக்கு எல்லாருக்கும் வெள்ளைக்கொடி விதைதான். உங்களாலதான் இது சாத்தியமாச்சு. அடுத்த வருஷமும் சோதனை வயல் உங்களுக்கேதான்."

கரெக்டின் தோள் இரண்டு விரல் உயர்ந்தது. மனைவியைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தபோது இருந்த ஆளே இல்லை இப்போது. "கை ராசின்னு ஒண்ணு இருக்குல்ல" என்று பொதுவாகச் சொன்னார்.

மச்சானுக்கு மனசு ஆறவில்லை. அந்தம்மா கொடியோடு படமெடுத்துக்கொண்டிருக்க, ஜீப் டிரைவரிடம் போனான். கரெக்டும் காதைத் தீட்டிக்கொண்டு பின்னாலேயே போனார்.

"என் வயலைப் பாருங்கண்ணே. இதை விட்டுட்டு எதுக்கு வருஷா வருஷம் எங்க மாமாகிட்டயே குடுக்கறாங்க?"

டிரைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்:

"உங்ககிட்ட குடுத்தா எந்த விதையும் நல்லாத்தான் தம்பி வரும், இவர் கையில பொழைச்சாத்தானே, அது எங்க போட்டாலும் சாகாதுன்னு தெரியும்?"