ஒன்பது காதல் படங்களும் ஒரு பழுதான லிஃப்டும்

என் மேல் எப்போதும் தேவைக்கு அதிகமாகவே அக்கறை வைத்திருக்கும் அக்காவுக்கு, தம்பி எழுதுவது. நான் நலம். நீயும் அத்தானும் குழந்தைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாம்தான், நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ இருபது வார்த்தை பேசிவிடுவாய் என்பதால் எழுதுகிறேன். குறுக்கே பேசாமல் படி.

முதலில் அந்தப் படங்கள். "இதைப் பார்த்தாவது பொண்ணுங்ககிட்ட எப்படிப் பேசறதுன்னு கத்துக்கோடா, முப்பத்தெட்டு வயசாச்சு" என்று பென் டிரைவில் போட்டு அனுப்பினாயே ஒன்பது காதல் நகைச்சுவைப் படங்கள், ஒன்பதையும் பார்த்துத் தொலைத்தேன். ஒரு படத்திலாவது கதாநாயகன் ஒழுங்காக வேலைக்குப் போகிறானா? வீடு கட்டும் இன்ஜினியராம். படம் முழுக்க ஒரு செங்கல்லைத் தொடவில்லை. கதாநாயகி கையில் இருக்கிற காகிதத்தையெல்லாம் கீழே போடுகிறாள், இருவரும் குனிகிறார்கள், மண்டையும் மண்டையும் மோதுகின்றன, உடனே பின்னணியில் வயலின் வாசிக்கிறார்கள். நமக்கெல்லாம் மண்டையில் அடிபட்டால் வீங்கத்தான் செய்யும். அது போகட்டும், ஒன்பதில் நாலு படத்தில் இரண்டு பேரும் லிஃப்டில் மாட்டிக்கொண்டு காதலிக்கிறார்கள். பத்தொன்பது வருடமாக லிஃப்ட் பழுதுபார்க்கிறவனிடம் இதைக் காட்டலாமா? நின்றுபோன லிஃப்டிலிருந்து நான் வெளியே இழுத்துவிட்ட ஜோடிகளில் ஒன்றுகூடக் காதலித்த முகத்தோடு வந்ததில்லை. வியர்த்து விறுவிறுத்து, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல்தான் வருவார்கள். ஒருத்தன் என் சட்டை மேலேயே வாந்தி எடுத்தான். அதை எவன் படமெடுக்கிறான்?

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன். நீ ஏற்பாடு செய்தபடி உன் தோழியின் தங்கையை, அதுதான் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவரை, ஏழாம் மாடி காபிக் கடைக்குக் கூட்டிப்போக மூன்று மணிக்கே அந்தக் கட்டிடத்து வாசலில் போய் நின்றேன். நீ வாங்கிக் கொடுத்த நீலச் சட்டைதான். வந்தார். சிரித்தார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, ஒப்புக்கொள்கிறேன். லிஃப்ட் கதவு திறந்தது, அவர் காலை எடுத்து வைக்கப் போனார், நான் பார்க்கிறேன், லிஃப்டின் தரை கட்டிடத்தின் தரையைவிட இரண்டு விரல் கீழே நிற்கிறது. பிரேக் தேய்ந்திருக்கிறது, வேறென்ன! "ஏறாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் அவருடைய கைப்பை கீழே விழுந்துவிட்டது. நான் குனிந்தேன். பையை எடுக்க அல்ல, இடைவெளியை அளக்க.

"என்னங்க பண்றீங்க?" என்றார்.

"ரெண்டு விரல் இறங்கி நிக்குதுங்க. நாம படியிலயே போயிடலாம்."

"ஏழு மாடியா?"

செக்யூரிட்டி ஓடிவந்து, "சார், ஊரே இதுலதான் போகுது, உங்களுக்கு மட்டும் என்ன வந்துச்சு?" என்று கேட்டார். அவருக்கு பிரேக்கைப் பற்றிக் கால் மணி நேரம் வகுப்பெடுத்தேன். அந்தப் பெண் கடிகாரத்தைக்கூடப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார். அது அதைவிட மோசம். அப்புறம் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஏழு மாடியும் ஏறினார். படமாக இருந்தால் கதாநாயகன் தூக்கிக்கொண்டு போயிருப்பான். என் முதுகைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே.

மேலே போய் உட்கார்ந்து மூச்சு வாங்கி முடித்ததும், உன் படங்கள் சொல்லிக்கொடுத்த பாடத்தை ஆரம்பித்தேன். "மழை பிடிக்குமா?" என்றேன். "கண்ணாடி போட்டவங்களுக்கு மழை எப்படிங்க பிடிக்கும்? எதிர்ல வர்ற பஸ்ஸே தெரியாது" என்றார். போயிற்றா! அடுத்த பாடம், ஒன்றும் பேசாமல் கண்ணுக்குள் பார்ப்பது. பார்த்தேன். அவரும் பார்த்தார். நெருங்கி வந்தார். போன் டார்ச்சை என் முகத்தில் அடித்து, "இடது கண்ணு லேசா விலகுதுங்க. தலைவலி வருமா?" என்றார். வரும் என்றேன். ஆனால் அக்கா, அதைக் கேட்ட விதம் இருக்கிறதே, இத்தனை வருடத்தில் என் தலைவலியை யாரும் அப்படி விசாரித்ததில்லை. பிடித்துவிட்டது. எனக்கு அவரை ரொம்பவே பிடித்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தானா செக்யூரிட்டி மூச்சிரைக்கப் படியேறி வரவேண்டும்? "சார், நீங்க சொன்ன மாதிரியே மூணுக்கும் நாலுக்கும் நடுவுல நின்னுடுச்சு! உள்ள நாலு பேரு! கம்பெனிக்காரன் போனை எடுக்க மாட்டேங்கறான்!" நான் என்ன செய்திருக்க வேண்டும்? முகத்தைக் கொஞ்சம் வருத்தமாக வைத்துக்கொண்டு, அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்திருக்க வேண்டும். நானோ மேஜையைத் தட்டி, "சொன்னேனா இல்லையா!" என்று கத்தினேன். காபிக் கடையே திரும்பிப் பார்த்தது. அப்படியே மொட்டை மாடி மெஷின் ரூமுக்கு ஓடினேன். பிரேக்கைக் கையால் விலக்கி, சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி லிஃப்டை மூன்றாம் மாடியில் கொண்டுவந்து நிறுத்த முக்கால் மணி நேரம் ஆயிற்று. கிரீஸ் கையோடு திரும்பி வந்தால் நாற்காலி காலி. அவர் கப்பில் பாதிக் காபி ஆறிக் கிடந்தது. போய்விட்டார். யார்தான் உட்கார்ந்திருப்பார்கள்?

ஆகவே முடிவாகச் சொல்கிறேன், எனக்குப் பெண் பார்ப்பதை இத்தோடு விட்டுவிடு. உன் தோழியிடம் நீயே மன்னிப்புக் கேட்டுவிடு. காதலாவது கத்தரிக்காயாவது! பென் டிரைவை அழித்து லிஃப்ட் வயரிங் வரைபடங்களை ஏற்றிவிட்டேன். அத்தானுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு முத்தங்கள், உனக்கு நீண்ட ஆயுளும் கொஞ்சம் நிதானமும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
தனியாகவே சௌக்கியமாக இருக்கும் உன் தம்பி

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடாமல் பையிலேயே வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. இன்று புதன்கிழமை, அந்தக் கட்டிடத்துக்காரர்கள் பிரேக் மாற்ற என்னையே கூப்பிட்டார்கள். செக்யூரிட்டி தலையைச் சொறிந்துகொண்டு வந்து நிற்கிறார். "சார், ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். அன்னைக்கு உங்ககூட வந்தவங்க மூணாவது மாடியில, கதவுகிட்ட தரையிலயே உக்காந்துக்கிட்டு, உள்ள இருந்தவங்களோட முக்கால் மணி நேரமும் பேசிக்கிட்டே இருந்தாங்க. 'பயப்படாதீங்க, மேல இருக்கறவருக்கு வேலை தெரியும், உங்களை விட்டுட்டுப் போற ஆளு இல்லை'ன்னாங்க. கதவு திறந்ததும், 'கடைக்கு நேரமாச்சு, அவர்கிட்ட சொல்லிடுங்க'ன்னுட்டுப் போனாங்க." நாலு நாளாகச் சொல்லவில்லை அக்கா, பாவி மனுஷன்! மேலே எழுதியதில் ஒரு வரியையும் நம்பாதே. உன் தோழியிடம் மன்னிப்பு கின்னிப்பு என்று எதையும் கேட்டு வைக்காதே. கண்ணாடிக் கடையை ஆறு மணிக்கு மூடிவிடுவார்களாம். இப்போது ஐந்தே முக்கால். நான் கிளம்பிவிட்டேன்.