பானுமதி டீச்சரைத் திருப்பி அனுப்பவும்

அன்புள்ள மச்சான் வீரமணிக்கு, உன் அக்கா வீட்டுக்காரனும் ஊர்ப் பள்ளிக் குழுத் தலைவனுமாகிய மாயவன், நல்லம்பள்ளி பக்கம் நம்மூரிலிருந்து எழுதிக்கொண்டது.

இங்கே நானும் உன் அக்காவும், மகனும் மருமகளும் உடம்பளவில் சௌக்கியம். அங்கே பெங்களூரில் நீயும் சௌக்கியமாகத்தான் இருப்பாய். இருக்காமல் என்ன, கெடுக்க வேண்டியதை எல்லாம் இங்கே அல்லவா கெடுத்துவிட்டாய்? மழை இல்லை. ராகி காய்கிறது. செவலை மாடு சினையாக இருக்கிறது. விசாரிக்க வேண்டியதெல்லாம் விசாரித்தாயிற்று, இனி சண்டைக்கு வருகிறேன். போனில் கூப்பிட்டால் மீட்டிங் என்று சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார், முழுசாகப் படித்துத்தான் ஆகணும்.

பைபாஸ் ரோட்டில் ஓடுகிற லாரிகளுக்கு நடுவே பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு அனுப்பப் பயந்துதான், ஊரே சேர்ந்து மாரியம்மன் கோயில் நிலத்தில், கிணற்றுக்குப் பக்கத்தில், ஓடு போட்ட ரெண்டு அறை கட்டி இந்தப் பள்ளியை நடத்துகிறோம். சம்பளம் என்று வெளியில் சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவும் கொடுக்க முடியாது. அப்படிப்பட்ட இடத்துக்கு எவன் வருவான்? வேறு ஏதோ ஒரு காரணம் இருக்கிறவன்தான் வருவான். இதை நானும் அறிவேன், ஊரும் அறியும். யாரும் யாரையும் நோண்டாமல் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. நீதான் உன் கம்பெனிக்காரர்கள் நடத்துகிற டிரஸ்டிலிருந்து ஆளை அனுப்பி, ஆசிரியர்களின் பின்னணி என்ன, எந்த நோக்கத்தோடு வந்தார்கள் என்று கேட்க வைத்தாய். நல்ல பிள்ளைகளாக நாலு வார்த்தை சொன்னால் புதுக் கட்டடம் வரும் என்று வேறு ஆசை காட்டினாய்.

எங்கள் ஆசிரியர்களின் நோக்கத்தை நான் சொல்கிறேன் கேள். தலைமை ஆசிரியர் திருமால் எம்.எஸ்ஸி. படித்தவன், வயசு நாற்பதைத் தொடப்போகிறது, இன்னும் பெண் அமையவில்லை. பெண் வீட்டில் "பையன் என்ன பண்றாருங்க?" என்று கேட்டால் சொல்லிக்கொள்ள ஒரு வேலை வேண்டும், அதற்காக வந்தான். தாலி கட்டிய மறுநாளே மாமனாரின் உரக்கடைக் கல்லாவில் போய் உட்கார்ந்துவிடுவான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அதனால்தான் இண்டூரிலிருந்து அந்த உரக்கடைக்காரப் பெண் வீட்டார் விசாரிக்க வந்தபோது, பள்ளியின் நலன் கருதி, "பையன் தங்கமான பையனுங்க, என்ன, ராத்திரியில எந்திரிச்சு நடப்பான், அவ்வளவுதான்" என்று நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதாகிவிட்டது. அவர்கள் காபியைக்கூடக் குடித்து முடிக்கவில்லை.

அடுத்தவன் சத்யராஜ். போலீஸ் வேலைக்குத் தயாராகிறவன். ஓடுவதற்கு மைதானமும், கயிறு கட்டி ஏறுவதற்கு அரசமரமும் பள்ளியில் இருக்கின்றன, அந்த இரண்டுக்காகவும் கணக்கு வாத்தியார் ஆனான். ஏழாம் வாய்ப்பாடு எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆனால் மூணாம் வகுப்பில் ஆளைக் காணோமே என்று அண்ணாந்து பார்த்தால் மொத்த வகுப்பும் மரத்து மேலே இருக்கும்.

மூன்றாவதுதான் பானுமதி. கம்பைநல்லூர்ப் பெண், நம்மூர் ராணியம்மாளின் மருமகள். புருஷன் மாதேஷ் லாரி ஓட்டுகிறான், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இல்லை. ராணியம்மாளைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டாம், வைத்த பொருள் வைத்த இடத்தில் இருந்தாலும் "ஏன் அங்கயே இருக்குது?" என்று கேட்கிறவள். பானுமதி காலையில் கேட்டைத் திறப்பதற்கு முன்பே வந்து நிற்பாள், சாயங்காலம் விளக்குப் போட்ட பிறகும் போக மாட்டாள். அவள் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்காத பிள்ளை ஒன்று கிடையாது. வத்தல்மலையிலிருந்து இறங்கி வந்து நம் தோட்டத்தில் வேலை செய்கிறாளே ராமக்கா, அவள் மகள், படிக்கவே படிக்காது என்று திருமால் எழுதி வைத்த பிள்ளை, பஸ் போர்டை வாசித்துத் தாயை ஏற்றிவிட்டதாம். "எங்க சனத்துலயே மொதத் தடவையா யாரையும் கேக்காம பஸ் ஏறுனோமுங்க" என்று ராமக்கா என்னிடம் வந்து சொல்லிவிட்டு அழுதாள். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது, போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

சரி, உன் டிரஸ்டு அம்மணி நிர்மலா வந்தாள். அதற்கு முந்தின நாளே மூன்று பேரையும் உட்கார வைத்து, "குழந்தைகளே எங்கள் உலகம், கல்வியே எங்கள் மூச்சு" என்று மட்டும் சொல்லுங்கள், மேற்கொண்டு வாயைத் திறக்காதீர்கள் என்று படித்துப் படித்துச் சொல்லி வைத்தேன். அந்த அம்மணி கை கூப்பி, சிரித்து, "உங்க பின்னணியச் சொல்லுங்க சார்" என்றதுதான் தாமதம், திருமால் எழுந்து நின்று, "ரோகிணி நட்சத்திரம், ரிஷப ராசி, செவ்வாய் தோஷம் இல்லீங்க மேடம். கிணத்தோட தோட்டம் இருக்குது. ஒரே தங்கச்சி, கட்டிக் குடுத்தாச்சு" என்று ஒப்பிக்கிறான். நான் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தால், "சிகரெட், தண்ணி எதுவும் கிடையாதுங்க" என்று சேர்த்துக்கொள்கிறான். சத்யராஜ் விறைப்பாக நின்று உயரம், எடை, மார்பளவு எல்லாம் சொல்லி, "விரிச்சா இன்னும் அஞ்சு சென்டி வருமுங்க மேடம்" என்று மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த அம்மணி அடுத்த கேள்வி கேட்கிற வரைக்கும் மூச்சை விடவில்லை, முகமெல்லாம் சிவந்துபோயிற்று. நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்துப் பிழைத்தேன்.

கடைசியாகப் பானுமதி. அவளாவது நான் சொன்னதைச் சொல்வாள் என்று நம்பினேன். தலையைக் குனிந்துகொண்டு ஆரம்பித்தாள்.

"எங்க மாமியாருக்கு நான் உக்காந்தா குத்தம், நின்னா குத்தமுங்க. வூட்ட வுட்டு வெளிய இருக்கோணும்னுதான் இங்க வந்தேன். நாப்பது புள்ளைங்க கத்துனாலும் எனக்கு அது சத்தமாவே தெரியலீங்க. சீக்கிரம் போயிரக் கூடாதேன்னு, எழுத்து தெரியாத புள்ளைங்களப் புடிச்சு உக்கார வெச்சு சொல்லிக் குடுத்தேன். அதுங்க தானாப் படிக்க ஆரம்பிச்சதும் எனக்கு ஞாயித்துக்கெழம ஆனாலும் வூட்ல கால் நிக்கலீங்க. நெசமா அதுதானுங்க காரணம், தலைவர் மாமா வேற ஏதோ சொல்லச் சொன்னாங்க, மறந்துட்டேன்."

மூன்று பேரில் வந்த காரணத்தை உள்ளபடி சொன்னவள் அவள் ஒருத்தி. அந்த அம்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு, அப்பாடா, கட்டடம் வந்துவிட்டது என்று தோன்றியது. வந்ததா? ஒரே வாரத்தில் பானுமதிக்குத்தான் வேலை உத்தரவு வந்தது. தர்மபுரியில் உங்கள் டிரஸ்டு நடத்துகிற பயிற்சி மையத்தில் மற்ற வாத்தியார்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமாம். தங்க வீடும் உண்டாம். மாமியார் இல்லாத வீடு என்று அவளும் கிளம்பிவிட்டாள். ஏண்டா மச்சான், ஊரில் நல்லா சமைக்கிறவள் ஒருத்தி இருந்தால் அவளைக் கூட்டிக்கொண்டுபோய்ச் சமையலைப் பற்றிப் பேசச் சொல்வதா? சாப்பிட உட்கார்ந்தவன் என்ன ஆவான்? எங்கள் பிள்ளைகளுக்கு அவள் போதவில்லை என்று யாராவது உன்னிடம் அழுதார்களா? எனக்கு வயிறு எரிகிறது. ராமக்கா தினமும் வேலைக்குப் போகிற வழியில் நின்று, "டீச்சரம்மா எப்ப வருமுங்க?" என்று கேட்கிறாள். உன் பெயரைச் சொல்லி, அவனைக் கேள் என்று அனுப்பினால் உனக்குச் சந்தோஷமா?

இடத்தைச் சும்மா விட முடியுமா? ரெண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி நல்லம்பள்ளி கலைச்செல்வி, ஆசிரியர் பயிற்சி முடித்தவள். இன்னொருத்தி நம்ம பிரியங்கா, என் மருமகள், பி.காம். குழுவில் ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள், கை கலக்கிற நிலைமை ஆகிவிட்டது. அப்புறம் நம்மூர் வழக்கப்படி மாரியம்மனிடம் பூ கேட்டோம். உனக்கு மறந்திருக்கும், பெங்களூர்க்காரன். வெள்ளை நந்தியாவட்டை ஒரு இலையில், சிவப்பு அரளி ஒரு இலையில் மடித்து, வாழை நாரில் கட்டி அம்மன் முன்னால் வைப்பது. பிரியங்காவை டீச்சராக வைக்கலாமா என்று கேட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, அப்படியே கிணற்றில் போட்டுவிட வேண்டும். தலைவன் என்ற முறையில் பொட்டலம் மடித்தவன் நான். போன வெள்ளிக்கிழமை வெள்ளைதான் வந்தது. மற்றதை என் கையாலேயே கிணற்றில் போட்டேன். ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், அதையெல்லாம் காதில் வாங்கினால் பொதுக் காரியம் பார்க்க முடியாது.

"உனக்கு எதுக்கும்மா இந்த வேலை?" என்று மருமகளைக் கேட்டேன். "பானுமதி அக்காவுக்கு எதுக்கோ அதுக்குத்தான் மாமா" என்றாள். உன் அக்காவும் அவளும் பகல் முழுக்க ஒரே அடுப்படியில் நின்றால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியாதா? பூ விழுந்த நாளிலிருந்து வீட்டில் சத்தம் இல்லை, சோறு சூடாகக் கிடைக்கிறது. அப்படிப் பார்த்தால் காலை எட்டு மணிக்கே பள்ளி நாற்காலியில் வந்து உட்கார்ந்து, இருட்டின பிறகு வீட்டுக்குப் போகிற நான் மட்டும் என்ன கல்விச் சேவைக்கா வருகிறேன்? பதினெட்டு வயசில் நீ பெங்களூருக்கு ஓடினதும் கம்பெனி மேல் இருந்த ஆசையால் இல்லை, அக்கா வாய்க்குப் பயந்துதான். எல்லோருக்கும் ஒரே காரணம்தான். ஆனால் பானுமதி பாடம் நடத்தினாள், பிரியங்கா போன் பார்க்கிறாள். அதைச் சொல்லத்தான் மனசு வலிக்கிறது. எதுக்காக வந்தால் என்னடா, வந்தவள் பிள்ளையைப் படிக்க வைத்தாளா இல்லையா?

ஆகவே மச்சான், உன்னிடம் நான் கட்டடம் கேட்கவில்லை, கம்ப்யூட்டர் கேட்கவில்லை. பானுமதி டீச்சரைத் திருப்பி அனுப்பு. நாளைக்கே அவள் வந்து நின்றால் மேளம் வைத்துக் கூட்டி வருவேன், என் நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டு நான் வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்துகொள்வேன், உன் அக்கா என்ன சொன்னாலும் சரி. அனுப்பவில்லை என்றால் பண்டிகைக்கு என் வீட்டுப் படி ஏறாதே.

உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் மாரியம்மன் குறையில்லாமல் கொடுக்கட்டும், கொஞ்சம் புத்தியும் சேர்த்துக் கொடுக்கட்டும். உன் அக்கா உன்னை இளைத்துப் போகாமல் இருக்கச் சொன்னாள்.

இப்படிக்கு,
வயிற்றெரிச்சலுடன் உன் மாமன்,
மாயவன்

பி.கு.: ஒட்டின கடிதத்தைப் பிரித்து இதை எழுதுகிறேன். இன்று காலை முதல் பஸ்ஸில் பானுமதி வந்துவிட்டாள். டிரஸ்டு வீடு கொடுத்தது அல்லவா, "மருமவ ஒண்டியா இருந்தா ஊரு என்ன பேசும்" என்று ராணியம்மாள் கிரைண்டரோடு அங்கே போய்விட்டாளாம். பயிற்சி மையத்தில் அந்த மாமியாருக்குச் சமையல் வேலையும் போட்டுக் கொடுத்துவிட்டார்களாம். "நாள் பூரா கூடவே இருக்காங்க மாமா, நான் இங்கயே வந்தர்றேன், பழைய சம்பளமே போதும்" என்றாள். பிள்ளைகள் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ராமக்கா கும்பிட்டபடி நின்றாள். பிரியங்கா ஜன்னல் வழியாக என்னையே பார்த்தாள். நான் சூடான சோற்றை நினைத்துப் பார்த்தேன். அம்மன் உத்தரவு கொடுத்தாயிற்று, ஒரு வருஷத்துக்கு அதே விஷயத்தைத் திரும்பக் கேட்கக் கூடாது, என் கையில் ஒன்றும் இல்லை என்று சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள், சத்யராஜிடம் ஏறப் பழகின பயல்கள் கிணற்றுச் சுவரில் ஏறி, "தலைவரே, பொட்டலம் அவுந்து பூ மெதக்குது!" என்று கத்தினார்கள். எல்லோரும் போய் எட்டிப் பார்த்தார்கள். "அரளி எங்கீங்க மாமா? எல்லாம் வெள்ளையா இருக்குது" என்று பானுமதி ஒரே ஒரு தடவை கேட்டாள். அப்புறம் அடுத்த பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள். ராமக்கா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, பைபாஸ் ரோட்டைத் தாண்டி அரசுப் பள்ளிக்கே போய்விட்டாள். எனவே மேலே எழுதியிருப்பதை ஒன்றும் மனசில் வைத்துக்கொள்ளாதே. பிள்ளைகளின் பாதுகாப்புக் கருதிக் கிணற்றுக்கு மூடி போடுவதென்று குழுவில் தீர்மானம் போட்டிருக்கிறேன். உன் டிரஸ்டு அம்மணியிடம் சொல்லி, நல்ல கனமான இரும்பு மூடி ஒன்று வாங்கி அனுப்பவும். கொஞ்சம் அவசரம்.