டிங் சாமியின் உயிர்க்கயிறு

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அன்றைக்கும் வரிசை படிக்கட்டு வரை நீண்டிருந்தது. டாக்டரைப் பார்க்க நிற்கிறார்கள் என்று நினைத்தால் நீங்கள் அப்பாவி. டாக்டரே "கொஞ்சம் வழி விடுங்க" என்று கெஞ்சிக்கொண்டு உள்ளே போனார். அத்தனை கூட்டமும் வாசலோரம் உட்கார்ந்து கயிறு கட்டும் டிங் சாமிக்கு!

சாமியின் தத்துவம் எளிது. உள்ளே கட்டிலுக்குக் கட்டில் ஒரு பெட்டி 'டிங், டிங்' என்று அடிக்கிறதே, அந்தச் சத்தத்தில்தான் நோயாளியின் உயிர் தொங்குகிறதாம். சாதாரண வார்டில் பெட்டி கிடையாது. சத்தமில்லாத இடத்துக்குப் போனால் உயிர் பிடிமானமில்லாமல் வழுக்கிவிடுமாம். ஆகவே போகுமுன் சத்தத்தை வெள்ளைக் கயிற்றில் இறக்கிக் கட்ட வேண்டும். இதயத்துக்கு ஒன்று, நுரையீரலுக்கு ஒன்று. சிறுநீரகம் இரண்டல்லவா, அதற்கு இரண்டு. படித்த சாமி!

கயிறு கட்டியவர்கள் எல்லோரும் பிழைத்தார்கள். பிழைத்துவிட்டார்கள் என்றுதானே டாக்டர் வார்டுக்கே அனுப்புகிறார்? அதை யோசிக்க வரிசையில் யாருக்கும் நேரமில்லை.

சுமைக்காரியும் நின்றாள். கிடங்கில் அவளும் புருஷனும் சேர்ந்து மூட்டை தூக்குகிறவர்கள். நிமோனியா வந்து பதினோரு நாள் தொண்டையில் குழாயோடு கிடந்தான் புருஷன். குழாயை எடுத்து மூன்று நாளாகிறது; வார்டுக்குப் போகலாம் என்று நேற்றே சொல்லியாகிவிட்டது. அவனோ பெட்டியிலிருந்து வந்து விரலில் மாட்டியிருந்த கிளிப்பை இறுகப் பொத்திக்கொண்டான்.

"சத்தம் நின்னா நானும் நின்னுடுவேன். கயிறு வாங்கிட்டு வா. இல்லேன்னா அசைய மாட்டேன்."

பக்கத்து அறையில் சிஸ்டர் தினமும் ஒரு வகுப்பு நடத்தினாள். ஐசியூவை விட்டுப் போகிறவர்களின் வீட்டாருக்கு. பத்து நாற்காலி, ஒன்பது காலி. பத்தாவதில் சிஸ்டரின் கைப்பை. பொறுத்துப் பார்த்த சிஸ்டர் வரிசைக்கே வந்துவிட்டாள்.

"அக்கா, பெட்டி உயிரைப் பிடிச்சு வைக்கல. துடிப்பை எண்ணுது, அவ்வளவுதான். சும்மா படுத்தே கிடந்தா கால் தசை கரைஞ்சு போகும். தினமும் உக்கார வைக்கணும், நிக்க வைக்கணும். கண்ட கனவு கண்டு உளறுவாரு. பேயும் இல்ல, பிசாசும் இல்ல. மருந்தும் தூக்கம் கெட்டதும்தான்."

கால் என்றதும் சுமைக்காரிக்குச் சுருக்கென்றது. காலில் வலுவில்லாதவனை எந்தக் கிடங்கு உள்ளே விடும்?

முன்னால் நின்ற கணக்கு வாத்தியாரைத் தட்டினாள். "கயிறு வேலை செய்யுதான்னு எப்படிங்க தெரியும்?"

"சாமி காதுல வெச்சுக் கேட்டுச் சொல்லிடுவாரும்மா. எங்கம்மாவுக்கு நாலு கட்டியாச்சு. சத்தம் குறையுதாம், அஞ்சாவதுக்கு வந்திருக்கேன்."

"இப்படியே போனா எத்தனையில முடியும்? கணக்குப் போட்டீங்களா?"

வாத்தியார் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்.

மூட்டையைத் தொடாமலே எடை சொல்கிறவனைச் சுமைக்காரி என்றைக்கும் நம்பியதில்லை. மெல்ல நழுவித் தாழ்வார மூலைக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு வெள்ளைக் கயிறு.

"சாமி, இது என் புருஷன் கயிறு. சத்தம் இருக்கான்னு பாருங்க."

சாமி அதைக் காதில் வைத்தார். கண்ணை மூடினார்.

"டிங்... டிங்... ஆஹா! இதயம் இரும்பு. ஆனா இடது நுரையீரல்ல லேசா ஈரம் தட்டுது."

"தட்டத்தான் செய்யும். இப்பத்தானே தரை துடைச்சாங்க. அந்த மூலையில நிக்குற மாப்புலருந்து பிச்சுட்டு வந்தேன்."

தரை துடைத்த துப்புரவுக்காரம்மா மாப்பைத் தூக்கிப் பிடித்து அலறினாள்: "அடியாத்தீ! இத்தனை நாளும் இதயம் இருக்குறதையா சாக்கடைத் தண்ணியில முக்கினேன்!"

வரிசை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. சாமி "நம்பாத கை பட்டா..." என்று ஆரம்பித்தார்.

"அப்ப டிங் டிங்னு கேட்டது எது? வாளியா?" என்றார் வாத்தியார். முதல் தடவையாகச் சரியான கேள்வி.

சாமி காணிக்கைத் தட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரண்டிரண்டு படியாக இறங்கினார். அவருடைய சிறுநீரகங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

அவள் உள்ளே போய்ச் சொன்ன கதையைக் கேட்டுப் புருஷன் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, அடைத்திருந்த சளி வெளியே வந்து விழுந்தது. சிஸ்டர் கைதட்டினாள். "மூணு நாளா கெஞ்சினேனே, இந்த இருமலுக்குத்தான்!" அதே கையோடு கிளிப்பைக் கழற்றிப் பெட்டியையும் அணைத்தாள். பெட்டி வாயை மூடியது.

"நின்னுட்டியா?" என்றாள் சுமைக்காரி.

"எங்க நின்னேன்? பேசிட்டுத்தானே இருக்கேன்!"

"அப்ப எழுந்து நில்லு."

அவள் தோளைப் பற்றி நின்றான். கால் வெடவெடத்தது. இரண்டடி வைத்தான். மூன்றாவதும் வைத்தான்.

கதவிடுக்கில் பார்த்திருந்த கூட்டம் அவளைச் சூழ்ந்துகொண்டது. "தாயே! உங்க கை ராசியான கை. நீங்களே எங்களுக்கு ஒரு கயிறு கட்டி விடுங்க!"

சுமைக்காரி எல்லோரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"நான் மூட்டைக்குத்தான் கயிறு கட்டுவேன். நீங்க மூட்டையா, மனுஷங்களா? அதை முதல்ல யோசிங்க."