ராமக்காவுக்கு நான் போட்ட மார்க்

பொருளாதாரத்தில் முதல் வகுப்பில் தேறியவனுக்கு எல்லாமே தெரியும், உலகத்தைத் தவிர. நான் அப்படித் தேறியவன்.

கல்லூரியில் மூன்று வருடமும் கரும்பலகையில் இரண்டு கோடுகள் போட்டார்கள். விலை இறங்கினால் விற்பவன் சரக்கைக் குறைப்பான் என்றது ஒரு கோடு. அந்தத் தைரியத்தில் ஓசூரில் ஓர் ஆய்வு அலுவலகத்தில் சேர்ந்தேன். ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றார் பொருளாதார நிபுணரான மேடம். (அப்பா அதற்குள் ஊரெல்லாம் என்னை நிரந்தரமாக்கியிருந்தார்.) மேடம் ஒரு கோடுகூடப் போடவில்லை. எந்தச் சந்தையில் தக்காளிப் பெட்டி எத்தனை கிலோ பிடிக்கும் என்று நாள் முழுக்கப் போனில் விசாரித்தார். பாவமாக இருந்தது.

என்னைக் கேள்வித்தாள்களோடு சூளகிரிக்கு அனுப்பினார். தக்காளி பறித்துக்கொண்டிருந்த ராமக்காவிடம், விலை இறங்கினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

“நாளைக்கு இன்னும் எறங்கிருமே சாமி. இருக்கறதையெல்லாம் பறிச்சு அனுப்பிருவேன். செடியிலயே உட்டா அழுவிப் போயிராதா?”

தவறான பதில். சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டேன். மூன்று நாளில் நாற்பது பேரைத் திருத்தினேன். டீக்கடையில் சிக்கிய ஒருவர் மட்டும், “வெல எறங்குனா கம்மியாதான் அனுப்புவேன்” என்றார். பத்துக்குப் பத்து.

தாள்களைப் புரட்டிய மேடம் சிவப்புக் குறியின் மேல் விரலை வைத்தார்.

“கேட்டுட்டு வரச் சொன்னா, பேப்பர் திருத்திட்டு வந்திருக்கீங்களே!”

நாற்பது பேரிடமும் திரும்பப் போய்க் காரணம் கேட்டு எழுதி வரவேண்டும். இல்லையென்றால் வேலைக்கு வரவேண்டாம்.

மறுபடியும் சூளகிரிக்குப் போனேன். ராமக்கா தாளை எட்டிப் பார்த்தார். “இதென்ன செவப்பா?”

சொன்னேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் வரப்பில் ஏறித் தெலுங்கில் ஏதோ கத்தினார். பக்கத்துத் தோட்டங்களிலிருந்தெல்லாம் மார்க் கேட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள்.

“யாராச்சும் பாஸானாங்களா?”

டீக்கடையில் ஒருவர் என்றேன்; டீக்கடைக்காரரல்ல, டீ குடித்தவர் என்று விளக்கி, பெயரையும் சொன்னேன்.

“அந்தாளா!” என்றார் ராமக்கா. “மூக்கண்டப்பள்ளில கம்பெனிக்குப் போறவரு. அவரு தக்காளி நட்டதே இல்லியே!”

காரணங்களை ஒழுங்காக எழுதிக்கொண்டு போனதால் வேலை பிழைத்தது. மேடம் கழித்துப் போட்டது ஒரே ஒரு தாளைத்தான்.

வீட்டில்தான் நான் பிழைக்கவில்லை. கல்யாணமான பிறகு இந்தக் கதையைச் சொல்லித் தொலைத்தேன்; தெரியாத விஷயத்தில் அடித்துப் பேசும்போதெல்லாம் என் மனைவி, “உங்களுக்குப் பத்துக்குப் பத்துங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறாள்.