மைக்குக்குள் வண்டு

"மறுபடியும் அந்த வண்டுச் சத்தம்! காதுக்குள்ள குடையுதுங்க. முதல்ல உங்க மைக்கைப் பாருங்க" என்று கத்திவிட்டு மனைவி போனை வைத்துவிட்டாள்.

மூன்று நாளாக இதே கூத்து. நர்ஸ் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தவளுக்கு அங்கேயே நிரந்தர வேலை தருகிறார்களாம். சேர்வதா வேண்டாமா என்று நாளைக் காலைக்குள் சொல்லியாக வேண்டும். கலந்து பேசலாம் என்றால், அவள் வாயைத் திறந்ததுமே இந்தப் பக்கத்திலிருந்து "ங்ஙொய்ய்ய்" என்று கேட்கிறதாம்.

அவன் எலெக்ட்ரானிக் தராசு மெக்கானிக். அரை கிராம் பிசகினாலும் மோப்பம் பிடிப்பவன். ஒரு மைக் எம்மாத்திரம்?

போனைக் கழற்றி மைக் ஓட்டையைச் சுத்தம் செய்தான். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று பதிவு செய்து கேட்டான். பளிங்கு மாதிரி இருந்தது. மனைவியைக் கூப்பிட்டான்.

"இந்த வேலை விஷயமா என்ன சொல்ல வந்தேன்னா... ஐயோ, வந்துடுச்சுங்க!"

மைக்கைச் சுற்றிச் செம்புத் தகடு ஒட்டினான். அதோடு சிக்னல் போயிற்று. ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பைத் தொங்கவிட்டால்தான் பேச முடிந்தது. அங்கேயும் வண்டு.

தகட்டைப் பிய்த்தெறிந்து, புது மைக் வைத்து, எர்த் வயர் ஒன்றும் பற்றவைத்தான். மூடி மூடவில்லை. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினான். பதிவில் பளிங்கு. பேச்சில் வண்டு.

"தனியா இருந்தா சமத்தா இருக்கும்மா. நீ பேசினாதான் இரையுது" என்றான் குழம்பிப்போய்.

"அப்ப கோளாறு என் குரல்லயா?"

"ஐயோ, அப்படிச் சொல்லலை..."

டக்கென்று போனை வைத்துவிட்டாள்.

கடைசி அஸ்திரமாக ஒரு கெப்பாசிட்டரைப் பற்றவைத்தான். மெல்லிய புகை வந்தது. திரை இருண்டது. போன் கண்ணை மூடியது.

அன்று மதியம்தான் ஊரிலிருந்து வந்திருந்த மாமனார், தூங்கி எழுந்து வந்து எதிரே உட்கார்ந்தார்.

"என்ன மாப்பிள்ளை, முகமே சரியில்லை? இந்தாங்க, என் போன்ல பேசுங்க."

பேசினான். மனைவி, "அந்த வேலையில ஒரு சிக்கல் என்னன்னா..." என்று தொடங்கிச் சட்டென்று நிறுத்தினாள். "என்னங்க இது, அப்பா போன்லயுமா?"

அவனுக்குத் தலை சுற்றியது. போன் வேறு, கம்பெனி வேறு, வண்டு மட்டும் ஒன்றா? வீட்டு கரண்டில் கோளாறா? காற்றிலேயே ஏதாவது இருக்கிறதா? ஒன்றும் புரியாமல் கை தானாக ஸ்க்ரூடிரைவரைத் தேடியது.

"மாமா, உங்க போனையும் கொஞ்சம் கழற்றிப் பார்த்துடறேன்."

மாமனார் பாய்ந்து போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"இது மேல கை வெச்சீங்க, தெரியும் சேதி! என் பொண்ணு வாயைத் திறந்தாலே உதட்டை மூடிக்கிட்டுத் தொண்டைக்குள்ள 'ம்ம்ம்ம்'னு இழுக்கறீங்களே, அதை நிறுத்துங்க மாப்பிள்ளை!"