கயிற்றுப் பக்கம், படிப் பக்கம்

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மச்சான் சென்னிமலையின் கண்ணில் படுவதில்லை என்று சபதமே எடுத்திருந்தேன். சென்னிமலை என் மனைவி பாவாயியின் அண்ணன். நாமக்கல்லில் முட்டை வியாபாரம். என் மகள் சௌந்திரத்தைத் தன் மகன் மயில்சாமிக்குக் கேட்டு ஒரு வருஷமாக வெற்றிலைத் தட்டோடு அலைகிறார். பையன் தங்கமானவன். சௌந்திரமும் அவனைத் தவிர வேறு யாரையும் கட்டமாட்டேன் என்கிறாள். என் பயமெல்லாம் பையனைப் பெற்றவரைப் பற்றித்தான். மச்சானாக இருக்கும்போதே என் வீட்டில் நாற்காலி அவருக்கு, முக்காலி எனக்கு. சம்பந்தியும் ஆகிவிட்டால் நான் வாசலில் லாரிச் சக்கரத்துக்கு வைக்கும் கட்டையாகத்தான் கிடக்க வேண்டும்.

ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு கட்டு உண்டு. பெண்ணைப் பெற்றவன் தன் கையால் வெற்றிலை பாக்கு வாங்கினால்தான் சம்பந்தம் உறுதி. வாங்கிவிட்டால் அப்புறம் பேச்சு மாறக்கூடாது. ஆகவே ஒரு வருஷமாக நான் என் கையைக் காப்பாற்றி வந்தேன். மச்சான் வரும் நாளில் எனக்கு வயிற்றுவலி வரும். இல்லையென்றால் வாழப்பாடியில் யாராவது செத்துப்போவார்கள்.

இந்த முறை வழி சொன்னவன் வேலுமணி. நான் லாரிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் அவன் மேஸ்திரி, பட்டாளத்தில் இருந்தவன். ஊருக்கு மேற்கே ஒரு கரடு, அதன் உச்சியில் முருகன் கோயில். மேற்குப் பக்கம் படி, கிழக்குப் பக்கம் வெறும் செங்குத்துப் பாறை. ஞாயிற்றுக்கிழமை பட்டறை ஆட்களெல்லாம் பாறைப் பக்கமாகக் கயிறு பிடித்து ஏறுகிறோம், நீங்களும் வாங்க என்றான். வீட்டில் சொன்னேன்.

"ஏனுங்க, கோயலுக்குத்தான் படி இருக்குதுங்களே?"

"படியெல்லாம் பொம்பளைங்களுக்கு. நாங்க பாறையில ஏறுவோம்."

"சரிங்க. போய்ட்டு வாங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. டீ குடிக்கப் போனாலே யாரோடு, எந்தக் கடையில், எத்தனை வடை என்று கேட்கிறவள்.

"அன்னிக்கு உங்கண்ணன் வர்றாராமே?"

"வந்தா வரட்டுங்க. நான் பேசிக்கிறேன்."

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சண்டை போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

ஞாயிறு காலை எனக்கு முன்னால் வெந்நீரும் கத்தியும் கண்ணாடியும் வந்தன.

"பாறை ஏறறதுக்கு எதுக்குடி சவரம்?"

"மேல சாமி இருக்குதல்லங்க."

பழைய கால்சட்டையைத் தேடினேன். காணோம்.

"அதெல்லாம் ஊறப்போட்டுட்டேனுங்க. இதக் கட்டிக்குங்க."

சரிகைக் கரை போட்ட புது வேட்டி. சந்தேகப்பட்டு வாளியை எட்டிப் பார்த்தேன். உண்மைதான், என் துணி அத்தனையும் சோப்புத் தண்ணீரில் கிடந்தது. அவள் சேலை ஒன்றுகூட அதில் இல்லை.

வழியெல்லாம் யோசித்தேன். நான் இல்லாதபோது என் தம்பியை விட்டு வெற்றிலையை வாங்கவைப்பாளோ? வாங்கட்டுமே, செல்லாது. பெற்றவன் கை வேண்டும். அந்தக் கை என்னோடுதான் இருந்தது. இரண்டையும் ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.

சித்திரை மாதம். முந்தின ராத்திரி பெய்த மழை புழுக்கத்தைக் கிளப்பிவிட்டிருந்தது. இலை அசையவில்லை. பாறை தோசைக்கல்லாகக் காய்ந்தது. வேலுமணி முதலில் ஏறி, லாரியில் லோடு கட்டும் கயிற்றை மேலே மரத்தைச் சுற்றிப் போட்டுக் கீழே விட்டான். அதன் நுனியை என் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டார்கள். நான் ஏற ஏற வேலுமணி மேலிருந்து இழுத்துப் பிடிப்பானாம். வேட்டியைத் தார்பாய்ச்சிக்கொண்டு பல்லியாக ஒட்டிக்கொண்டு ஏறினேன். கண்ணில் வியர்வை, வாயில் முருகன் பெயர். பாதிப் பாறையில் மேலே பேச்சுச் சத்தம் கேட்டது.

"வேலுமணி, யாரப்பா அது?"

"பூசாரிங்கண்ணா!"

பூசாரியின் சிரிப்பு எங்கேயோ கேட்ட சிரிப்பாகப் பட்டது.

உச்சிக்கு ஒரு முழம் இருக்கும்போது உள்ளங்கை வழுக்கியது.

"ஐயோ, வேலுமணி! கை குடு!"

மேலிருந்து ஒரு கை நீண்டது. பாய்ந்து பிடித்தேன். அந்தக் கைக்குள் ஏதோ சில்லென்று இருந்தது. வெற்றிலை. நடுவில் கொட்டைப்பாக்கு. அண்ணாந்து பார்த்தேன். மச்சான்!

"வாங்கிக்கிறீங்களா மாப்ள, உட்டுரட்டுங்களா?"

கீழே பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

"வாங்கிக்கிறேனுங்க! வாங்கிக்கிறேனுங்க மச்சான்!"

கரடு முழுக்க எதிரொலித்தது. கீழே நின்ற பட்டறை ஆட்கள் கைதட்டினார்கள். மேலே இழுத்துப் போட்ட பிறகுதான், இடுப்பில் கயிறு இருந்ததே எனக்கு ஞாபகம் வந்தது.

கோயிலுக்கு முன்னால் ஜமக்காளம் விரித்து இரண்டு வீட்டுச் சொந்தமும் உட்கார்ந்திருந்தது. என் தம்பி வடை தின்றுகொண்டிருந்தான். சௌந்திரம் தலை நிறையப் பூவோடு குனிந்து சிரித்தாள். படி வழியாக வந்த பாவாயியின் பட்டுச் சேலையில் ஒரு மடிப்புக் கலையவில்லை.

"இது செல்லாது! ஏமாத்து வேலை! எனக்கு இதுல இஷ்டமே கிடையாது!" என்று கத்தினேன்.

சொந்தமெல்லாம் திரும்பிப் பாவாயியைப் பார்த்தது. அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இஷ்டமில்லாதவரு எதுக்குங்க காலங்காத்தால சவரம் பண்ணிப் புது வேட்டி கட்டிட்டு வந்தீங்க?"